அம்பிளிக்கை ஆய்வு: ஒரே ஒரு தடவை பார்த்ததில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு எப்படிக் குறைந்தது?

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறி மார்க்கெட் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற அம்பிளிக்கையை வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் வேலை செய்கிற டாக்டர்கள், அவர்கள் கென்யாவில் இருந்தாலும் சரி பெருவில் இருந்தாலும் சரி, இந்த வட்டாரத்தில் நடந்த ஆய்வைக் கட்டாயம் படித்திருப்பார்கள். 2000-லிருந்து 2003 வரை இங்கே கிராமம் கிராமமாக 31,343 பெண்களின் கருப்பைவாயை நர்ஸுகள் ஒரே ஒரு தடவை, நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது) தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2006 வரைக்குமான கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பரிசோதனை நடக்காத கிராமங்களை விட நடந்த கிராமங்களில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைவாக இருந்தது. 2007 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வெளியானது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "மலிவான வினிகர் டெஸ்ட் ஜெயித்த கதை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அமிலம் தடவிப் பார்த்தது பாதி வேலை. மீதிப் பாதி, பாசிட்டிவ் வந்த பெண்ணை "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று அனுப்பிவிடாமல் அன்றைக்கே, அங்கேயே, அடுத்த கட்டத்தைச் செய்து முடித்தது. இன்று நம் கேம்ப்களில் விட்டுப்போவது இந்த மீதிப் பாதிதான். அதனால் இந்த ஆய்வைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கணக்கு, அப்புறம்தான் பரிசோதனை

அம்பிளிக்கையில் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம் இருக்கிறது. 1990-களின் நடுவில் இங்கே ஒரு புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கினார்கள். யாருக்கு என்ன புற்றுநோய், எந்த ஊர், எத்தனை வயது, இறந்தாரா இருக்கிறாரா என்று ஒரு வட்டாரத்தின் மொத்தக் கணக்கையும் வைத்திருக்கும் பதிவேடு அது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இப்படிப்பட்ட பதிவேடுகள் பெரும்பாலும் சென்னை, மும்பை மாதிரி நகரங்களில்தான் இருந்தன, கிராமப்புறத்தில் மிக அரிது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் கூட நின்றன.

1996 முதல் 1998 வரையிலான பதிவுகளைப் பார்த்ததும் அதிர்ச்சிதான். கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்த வட்டாரத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் பெண்களில் 65 பேர் என்கிற அளவை ஒட்டி இருந்தது. உலகத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. தோட்டம் காடு என்று வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிற நாற்பது ஐம்பது வயதுப் பெண்கள் அவர்கள். வெள்ளைப்படுகிறது, நாற்றம் வருகிறது, தீட்டு நின்ற பிறகும் ரத்தம் படுகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போதே நோய் இரண்டாம் மூன்றாம் கட்டத்தைத் தாண்டியிருக்கும்.

பணக்கார நாடுகள் இதை எப்படிக் குறைத்தன என்பது அப்போதே தெரிந்த விஷயம். பாப் ஸ்மியர். கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, லேபுக்கு அனுப்பி, பயிற்சி பெற்றவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். ரிசல்ட் வர நாளாகும். வந்தபின் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும், கால்போஸ்கோப்பி (கருவியில் பெரிதாக்கிப் பார்ப்பது), பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), அதற்கு ஒரு ரிசல்ட், கடைசியில் சிகிச்சை. நாலைந்து தடவை வர வேண்டிய வேலை. ஒருநாள் கூலியை விட்டால் வீட்டில் அடுப்பெரிவது சிரமம் என்கிற பெண்ணிடம் போய் இதைக் கேட்டால் நடக்குமா? ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பேர் கழன்றுகொள்வார்கள். அதோடு அத்தனை கண்ணாடித் துண்டுகளையும் பார்க்க அன்றைக்கு ஆளும் இல்லை, லேபும் இல்லை.

அதனால்தான் இன்னொரு வழியைப் பார்த்தார்கள். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிஷம் விட்டால், புற்றுநோயாக மாறக்கூடிய இடம் வெளுத்துத் தெரியும். அந்தச் செல்களில் உட்கருப் புரதம் அதிகம், அமிலம் பட்டதும் அது உறைவதால் வெளிச்சம் உள்ளே போகாமல் வெள்ளையாகத் திரும்பி அடிக்கிறது. நல்ல விளக்கு, ஸ்பெகுலம், பஞ்சு, அமிலம் இவ்வளவு போதும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மருத்துவத்தில் இதற்கு விஐஏ என்று பெயர்.

என்ன செய்தார்கள்

ஆய்வுப் பகுதியை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 57 தொகுதிகளுக்குப் பரிசோதனை, மீதி 57 தொகுதிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவம் மட்டும் என்று வைத்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள, புற்றுநோய் இல்லாத பெண்கள்தான் கணக்கில். பரிசோதனைத் தொகுதிகளில் 49,311 பேர், மற்றதில் 30,958 பேர். தலைமை தாங்கியவர் லியோன் நிறுவனத்தில் இருந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன். அடையாறின் டாக்டர் ஆர். சுவாமிநாதனும் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த ஆரம்பம்தான். கேம்ப் போட்டு, மைக் கட்டி, வருகிறவர்கள் வரட்டும் என்று உட்காரவில்லை. முதலில் வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணினார்கள். யார் வர வேண்டும் என்கிற பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது, ஆகவே யார் வரவில்லை என்பதும் தெரிந்தது. 63.6 சதவீதம் பேர் வந்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்ததே அந்தப் பட்டியலால்தான். நம் ஊரில் நடக்கும் எத்தனையோ கேம்ப்களில் "500 பேருக்குப் பரிசோதனை" என்று பேனர் போடுவார்கள், எத்தனை பேரில் 500 என்று கேட்டால் பதில் இருக்காது.

பரிசோதனையை நர்ஸுகளே செய்தார்கள், ஊர்ப்பக்கம் அமைத்த கிளினிக்கிலேயே. கருப்பைவாயில் பழைய தோலும் புதுத் தோலும் சேரும் விளிம்பைத் தொட்டோ அதை ஒட்டியோ, தெளிவான ஓரத்தோடு, அடர்த்தியான வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். லேசாக அங்கங்கே வெளுத்தால் கணக்கில் எடுக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும், கண் பழக நாளாகும். புண், அழற்சி, சதை மாறுதல் எல்லாமே கொஞ்சம் வெளுக்கும் என்பதால் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாவிட்டால் இந்தப் பரிசோதனை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

பாசிட்டிவ் என்றால் அங்கேயே கால்போஸ்கோப் வழியாகப் பெரிதாக்கிப் பார்ப்பது, சந்தேகமான இடத்திலிருந்து பயாப்சி எடுப்பது. கிரையோவுக்கு ஏற்ற திட்டு என்றால் அதே இருப்பிலேயே கிரையோ சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பார்கள். குளிர்ந்த உலோக முனையைத் திட்டின் மேல் வைத்து 3 நிமிஷம் உறைய வைத்து, 5 நிமிஷம் உருக விட்டு, மறுபடி 3 நிமிஷம் உறைய வைப்பது அந்தச் சிகிச்சை. மயக்க மருந்து வேண்டாம், அடிவயிற்றில் தீட்டு வலி மாதிரி கொஞ்சம் பிடிக்கும், மூன்று நாலு வாரம் தண்ணீர் மாதிரி வெள்ளைப்படும், ஒரு மாதம் தாம்பத்தியம் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். இதையும் பயிற்சி பெற்ற நர்ஸுகளே செய்தார்கள், டாக்டர்கள் மேற்பார்வையில். பெரிய திட்டு, உள்ளே போகிற திட்டு, புற்றுநோயே என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு.

எண்கள்

வந்த 31,343 பேரில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ், கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். அந்த 3,088 பேரில் கால்போஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் 3,052. இந்த எண்ணை இன்னொரு தடவை படியுங்கள். விட்டுப்போனது 36 பேர்! வேறு ஊருக்கு, வேறு தேதிக்கு அனுப்புகிற எந்தத் திட்டத்திலும் நூறில் தொண்ணூற்றொன்பது பேர் அடுத்த கட்டத்துக்கு வந்து சேர மாட்டார்கள். இங்கே வந்தார்கள், காரணம் அடுத்த கட்டம் அதே அறையில் இருந்தது.

2,539 பேருக்குப் பயாப்சி. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தவர்கள் 1,874 பேர், அவர்களில் 72 சதவீதம் பேர் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் காத்திருப்பு. பதிவேடு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. 2000 முதல் 2006 வரை பரிசோதனைத் தொகுதிகளில் 167 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், 83 பேர் சாவு. மற்றத் தொகுதிகளில் 158 பேருக்கு நோய், 92 பேர் சாவு. பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கிறது, ஆனால் பரிசோதனைப் பக்கம் ஆட்கள் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு பெண்ணை ஒரு வருஷம் கவனித்தால் அது ஒரு ஆள்-வருஷம் என்று வைத்துக்கொண்டால், பரிசோதனைப் பக்கம் 2,74,430 ஆள்-வருஷம், மற்றப் பக்கம் 1,78,781. அதன்படி ஒரு லட்சம் ஆள்-வருஷத்துக்குச் சாவு பரிசோதனைப் பக்கம் ஏறக்குறைய 30, மற்றப் பக்கம் 51. வயது முதலான வேறுபாடுகளைக் கழித்துச் சரிசெய்த பிறகு நோய் வருவது 25 சதவீதம் குறைவு, சாவு 35 சதவீதம் குறைவு.

இந்த 35 சதவீதத்துக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. பரிசோதனைக்கே வராத 17,968 பெண்களும் பரிசோதனைப் பக்கக் கணக்கில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பாசிட்டிவ் வந்தும் சிகிச்சை எடுக்காதவர்களும் அப்படியே. நேர்மையான ஆய்வில் அப்படித்தான் எண்ண வேண்டும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் வராமல், நாலில் ஒருவருக்கு மேல் சிகிச்சை விட்டுப்போய், வாழ்நாளில் ஒரே ஒரு பரிசோதனையில் கிடைத்த பலன் இது. ஓட்டைகளோடு சேர்த்தே 35!

வயது வாரியாகப் பார்த்தால் 30 முதல் 39 வயதுக்காரர்களுக்குத்தான் அதிகப் பலன், அவர்களிடம் சாவு 66 சதவீதம் குறைந்தது. இதற்கு உடம்பின் அமைப்பே காரணம். நோய் தொடங்கும் விளிம்பு இளம் வயதில் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். தீட்டு நிற்கும் வயது நெருங்க நெருங்க அது கருப்பைவாயின் உட்புறக் குழாய்க்குள் ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஐம்பது தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனையை மட்டும் நம்புவது சரியில்லை. "பிள்ளை எல்லாம் பெரிசானப்புறம் நிதானமா பார்த்துக்கலாம்" என்று முப்பத்தைந்து வயதில் தள்ளிப்போடுகிற அக்கா தங்கச்சிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

குறையே இல்லாத ஆய்வு என்று எழுதினால் அது பொய். பெரிய கேள்வி, பரிசோதனை கிடைக்காத அந்த 30,958 பெண்கள். பரிசோதித்தால் இந்த நோயைத் தடுக்கலாம் என்பது உலகத்துக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்கும்போது, ஒரு பாதியை ஒன்றும் செய்யாமல் விட்டுக் கணக்கெடுக்கலாமா என்று பின்னால் கடுமையான விமர்சனம் வந்தது. மும்பையிலும் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்திலும் நடந்த இதே மாதிரியான ஆய்வுகள் மீதும் அதே கேள்வி. அந்தக் கிராமங்களில் அப்போது எந்தப் பரிசோதனையும் இல்லை, அதுதான் நடப்பு மருத்துவம், இப்படி ஒப்பிட்டுக் காட்டாமல் எந்த அரசாங்கமும் அசைந்திருக்காது என்பது ஆய்வாளர்கள் பக்க வாதம். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது, ஆனாலும் அந்த 92 சாவுகளைப் படிக்கும்போது மனசு ஆறவில்லை. அந்தப் பெண்களுக்கு நாம் பட்ட கடன், ஆய்வில் தெரிந்ததை எல்லா ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அது நடந்ததா என்பதற்குக் கீழே வருகிறேன்.

இரண்டாவது, தேவையில்லாத சிகிச்சை. அந்த 1,874 பேரில் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது லேசான வகை மாற்றம், அதில் நிறைய தானாகவே சரியாகிவிடும். சரியாகாத சிலரைப் பிடிக்க, சரியாகக்கூடிய பலருக்கும் கிரையோ கொடுக்கிறோம். ஒரு தடவைதான் இந்தப் பெண்ணைப் பார்க்க முடியும் என்கிற நிலைமையில் இது நியாயமான விலை என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிரையோவால் பெரிய கெடுதல் வருவது அபூர்வம்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது. உஸ்மானாபாத் ஆய்வில் 1,31,746 பெண்களை நாலு பிரிவாக்கினார்கள்: ஒன்றுக்கு எச்பிவி என்கிற வைரஸைத் தேடும் டெஸ்ட், ஒன்றுக்கு பாப் ஸ்மியர், ஒன்றுக்கு இதே அமிலப் பரிசோதனை, ஒன்றுக்கு வழக்கமான மருத்துவம். 2009-ல் முடிவு வந்தபோது எச்பிவி டெஸ்ட் எடுத்த பிரிவில் சாவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது (64 சாவுக்கு எதிராக 34), அமிலப் பரிசோதனைப் பிரிவில் உறுதியாகச் சொல்லும்படி எந்தக் குறைவும் இல்லை. அதே அமிலம், அதே கண், திண்டுக்கல்லில் ஒரு முடிவு, உஸ்மானாபாத்தில் வேறு முடிவு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் சாதாரணப் பள்ளிப் படிப்புள்ள சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று நாலு சுற்றுப் பார்த்ததில் சாவு 31 சதவீதம் குறைந்தது. யார் பார்க்கிறார்கள், எவ்வளவு பயிற்சி, பாசிட்டிவ் வந்தவளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் பரிசோதனையின் பலன் மாறுகிறது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். எச்பிவி டெஸ்ட் அப்படிக் கண்ணை நம்பி இல்லை. இந்த நோய்க்குக் காரணமான வைரஸே இருக்கிறதா என்று மிஷின் பார்த்துச் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் எச்பிவி டெஸ்ட்டைத்தான் முதல் பரிசோதனையாக வைக்கச் சொல்லிவிட்டது.

தமிழ்நாடு என்ன செய்தது

செய்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் தேனி, தஞ்சாவூர் இரண்டு மாவட்டங்களில் 2007 முதல் முன்னோடியாக நடத்திப் பார்த்து, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்ணுக்கு இலவசமாக இந்தப் பரிசோதனை என்பது இந்தியாவில் வேறு பல மாநிலங்களில் இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

அப்படியும் 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களிடம் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டதற்குத் தமிழ்நாட்டில் ஆம் என்றவர்கள் 9.8 சதவீதம். இந்திய சராசரி 1.9. நாட்டிலேயே முதலிடம் நாம்தான், ஆனால் முதலிடத்தின் லட்சணம் பத்தில் ஒருவர். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் செத்தார்கள். தடுக்க வழி தெரிந்த ஒரு நோயால்.

பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெண்களிடம் பேசினால் வேறு மாதிரிப் பதில்கள் வரும். எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்குப் போய்க் காட்டணும். ஆம்பளை டாக்டர் இருப்பாரோ. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ. யாராவது பார்த்தால் அந்த நோயோ என்று பேசுவார்களே. இது பாலுறவு மூலம் வரும் வைரஸ் என்று சொன்னதுமே ஒரு சந்தேகப் பார்வை வேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் எச்பிவி வரும், பல வருஷத்துக்கு முன்னால் யாரிடமிருந்தோ யாருக்கோ வந்தது இன்றைக்குத் தெரியலாம், பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது தொற்றி, ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் பத்து இருபது வருஷம் கழித்துப் புற்றுநோய். பாசிட்டிவ் ரிசல்ட் யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் இல்லை என்பதைக் கவுன்சலிங்கில் கணவனையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் தாண்டி வருகிற பெண்ணைத்தான் நாம் கைவிடுகிறோம். கேம்ப்பில் பாசிட்டிவ், கையில் ஒரு சீட்டு, தாலுகா ஆஸ்பத்திரிக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ போ. அங்கே போனால் அந்த டாக்டர் செவ்வாய், வியாழன்தான். கால்போஸ்கோப்பி ஒரு நாள், பயாப்சி ரிசல்ட் இரண்டு வாரம், அப்புறம் சிகிச்சைக்குத் தேதி. நூறு நாள் வேலையையும் ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு, உடம்பில் ஒரு வலியும் இல்லாத பெண் எத்தனை தடவை பஸ் ஏறுவாள்? அவள் வராமல் போனால் "பேஷன்ட் கோஆபரேட் பண்ணலை" என்று எழுதிவிடுகிறோம். அம்பிளிக்கையில் அதே மாதிரிப் பெண்கள்தான் 3,088-க்கு 3,052 பேர் வந்தார்கள்.

இப்போது கருவிகள் இன்னும் சுலபமாகிவிட்டன. கேஸ் சிலிண்டர் தேவைப்படும் கிரையோவுக்குப் பதிலாக, கைக்கு அடக்கமான, பேட்டரியில் ஓடும் சூட்டுக் கருவி வந்துவிட்டது, 100 டிகிரியில் ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும், 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் அதற்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. எச்பிவி டெஸ்ட்டுக்கான மாதிரியைப் பெண்ணே தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, சின்ன பிரஷால் எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் வராமல் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மகளிர் குழுக்களும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் பெண்களும் இருக்கிற மாநிலம் இது. பட்டியல் எடுக்க ஆள் இருக்கிறது. எடுத்த பட்டியலில் உள்ள பாசிட்டிவ் பெண் சிகிச்சை முடித்தாளா என்கிற ஒரு கட்டத்தைப் பொறுப்போடு நிரப்ப ஆளை நியமித்தால் போதும்.

அதே ஊரில் இரண்டாவது ஆய்வு

அம்பிளிக்கையின் பங்கு பரிசோதனையோடு முடியவில்லை. 2009-ல் எச்பிவி தடுப்பூசியை மூன்று டோஸுக்குப் பதில் இரண்டு டோஸ் போட்டால் போதுமா என்று பார்க்க, 10 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளிடம் இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஆய்வு தொடங்கியது. அந்த ஒன்பதில் அம்பிளிக்கையும் ஒன்று. அதே சமயம் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்து பெரும் சர்ச்சையானது. பாம்புக் கடி, நீரில் மூழ்கியது, பூச்சி மருந்து, காய்ச்சல் என்று காரணங்கள் வேறு, தடுப்பூசியால் இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோர் சம்மதம் வாங்காமல் விடுதி வார்டன்களிடம் கையெழுத்து வாங்கியது உண்மை, அந்தக் கோபம் நியாயமானது. 2010 ஏப்ரலில் எச்பிவி தடுப்பூசி ஆய்வுகள் எல்லாவற்றையும் அரசு நிறுத்திவிட்டது.

அதனால் அதுவரை ஊசி போட்ட 17,729 பிள்ளைகளோடு இந்த ஆய்வு பாதியில் நின்றது. மூன்று டோஸ் முடித்தவர்கள் 4,348, இரண்டு டோஸ் போட்டவர்கள் இரண்டு பிரிவாக, ஒரே ஒரு டோஸோடு நின்றவர்கள் 4,950. ஆய்வாளர்கள் கைகழுவிவிட்டுப் போகாமல் எல்லோரையும் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் வெளியான பத்து வருஷக் கணக்குப்படி, புற்றுநோய் உண்டாக்கும் 16, 18 வகை எச்பிவி உடம்பில் தங்காமல் தடுப்பதில் ஒரு டோஸின் திறன் 95.4 சதவீதம், இரண்டு டோஸ் 93.1, மூன்று டோஸ் 93.3. மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். கென்யா, கோஸ்டா ரிகா ஆய்வுகளும் இதையே சொல்ல, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸே போதும் என்று ஏற்றுக்கொண்டது. கிடைக்கிற ஊசியை மூன்று மடங்கு பிள்ளைகளுக்குப் போடலாம் என்றால் ஏழை நாடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தக் கணக்கில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வீட்டில் 9 முதல் 14 வயதில் பெண்பிள்ளை இருந்தால் ஊசியைப் போட்டுவிடுங்கள், வைரஸ் தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். போட்டுக்கொண்டவளும் முப்பது வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

முப்பது தாண்டியவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இலவசம். தீட்டுச் சமயம் வேண்டாம், மற்ற எந்த நாளும் போகலாம். அமிலப் பரிசோதனை என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. எச்பிவி டெஸ்ட் கிடைத்தால் அதையே எடுங்கள், நெகட்டிவ் என்றால் ஐந்து முதல் பத்து வருஷம் கவலையில்லை. எச்ஐவி உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம், தீட்டு நின்ற பின் ரத்தம், இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் எது இருந்தாலும் கேம்ப் வரட்டும் என்று காத்திருக்காமல் நேராக மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் ஊரில், உங்கள் கல்லூரியில், உங்கள் கம்பெனியில் யாராவது இந்தக் கேம்ப் நடத்தக் கேட்டு வந்தால் தேதி கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை எங்கே, அன்றைக்கே செய்வீர்களா? செய்ய முடியாதென்றால் எந்த டாக்டர், எந்தத் தேதி? வராதவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிடப் போவது யார், அவர் போன் நம்பர் என்ன? பதில் எழுத்தில் வந்த பிறகு தேதி கொடுங்கள்.